முதலில் மைக்ரான், அப்புறம் மெஷின்

கண்ணாடியைக் கழற்ற உதவும் லேசர் சிகிச்சை பற்றி வாசகர்கள் கேட்டவையும், கண் மருத்துவப் பகுதியின் பதில்களும்.

எனக்கு வயது 23. இரண்டு கண்ணிலும் மைனஸ் 5. ஒரு மருத்துவமனையில் லாசிக் செய்துகொள்ளச் சொன்னார்கள். இன்னொன்றில், ‘லாசிக் எல்லாம் பழசு, ஸ்மைல்தான் இப்போ’ என்கிறார்கள். எதைச் செய்துகொள்வது?
– வாசகி, திருப்பூர்

இரண்டு இடத்திலும் மெஷின் பெயரைத்தான் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் கருவிழியின், அதாவது கண்ணின் முன்பக்கம் கண்ணாடிபோல் மூடியிருக்கும் கார்னியாவின், தடிமன் எத்தனை மைக்ரான் என்பது கடிதத்தில் எங்குமே இல்லை. முடிவு அந்த எண்ணில்தான் இருக்கிறது.

கருவிழியின் நடுப்பகுதி பெரும்பாலோருக்கு 500 முதல் 580 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டரும் கொஞ்சமும். மைனஸுக்கான எந்த லேசர் சிகிச்சையானாலும் அதிலிருந்து ஒரு துளியைச் செதுக்கி எடுத்து வளைவைத் தட்டையாக்குகிறது. எடுத்தது மறுபடி வளராது. 6.5 மி.மீ. அகல வட்டத்தில் ஒரு டையாப்டர் மைனஸைக் குறைக்க ஏறக்குறைய 14 மைக்ரான் போகும். உங்கள் மைனஸ் 5-க்கு 70. லாசிக்கில் மேலே ஒரு மெல்லிய மூடி திறக்கப்படும். அது ஒரு 110 மைக்ரான். மூடியைத் திரும்ப வைத்துவிட்டாலும் பழைய பலத்தோடு அது ஒட்டுவதில்லை, ஆகவே கணக்கில் அதைப் போனதாகவே வைத்துக்கொள்வார்கள். உங்கள் கருவிழி 530 என்றால் 110-ம் 70-ம் போக அடியில் 350 மிச்சம். தாராளம். 250-க்குக் கீழே இறங்கவே கூடாது. பல மருத்துவர்கள் 280, 300 என்று கோட்டை இன்னும் மேலேயே போட்டுக்கொள்கிறார்கள்.

இதே கணக்கை மைனஸ் 8.5, கருவிழி 490 உள்ள ஒருவருக்குப் போட்டுப் பாருங்கள். 119-ம் 110-ம் போனால் மிச்சம் 261. காகிதத்தில் 250-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் மொத்தத் தடிமனில் கிட்டத்தட்ட 47 சதவீதத்தில் கை வைத்தாகிவிட்டது. 40 சதவீதத்தைத் தொட்டாலே நின்று யோசிக்க வேண்டும். ‘செய்துவிடலாம்’ என்று அவருக்குச் சொல்லும் இடத்திலிருந்து அவர் எழுந்து வந்துவிடுவது நல்லது.

ஸ்மைலில் மூடி கிடையாது. ஃபெம்டோசெகண்ட் லேசர் கருவிழிக்குள்ளேயே ஒரு மெல்லிய வில்லையை வெட்டி வைக்கும். ஓரத்தில் 2 முதல் 4 மி.மீ. கீறல் வழியாக மருத்துவர் அதை உருவி எடுப்பார். நரம்புகள் குறைவாக அறுபடுவதால் கண் உலர்வது குறைவு. மூடி நகர்ந்துவிடுமோ என்ற பயமும் இல்லை. கபடி, குத்துச்சண்டை ஆடுபவர்களுக்கு இது பெரிய விஷயம். ஆனால் ‘ஸ்மைலில் குறைவாகத்தான் செதுக்குவார்கள்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வில்லை கிழியாமல் வர வேண்டுமே என்று அதன் அடியில் 10, 15 மைக்ரான் கூடுதலாக விட்டு வெட்டுவதால், அதே பவருக்கு லாசிக்கைவிடச் சற்று அதிகமாகவே போகும். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் திருத்த வேண்டிய சிலிண்டர் பவர் கணிசமாக இருந்தால், படுத்ததும் கண் லேசாகச் சுழல்வதைத் தானே கண்டுபிடித்துத் திருத்தும் வசதி லாசிக் மெஷின்களில் உண்டு. பழைய ஸ்மைல் மெஷின்களில் அது மருத்துவரின் கைப்பக்குவம்.

மூன்றாவது பெயர் ஒன்றை உங்களிடம் யாரும் சொல்லவில்லை: பிஆர்கே. மூடியும் இல்லை, வில்லையும் இல்லை. 50 மைக்ரான் அளவுள்ள மேல்தோலை மட்டும் நீக்கிவிட்டு நேராக லேசர். தோல் நாலைந்து நாளில் தானே வளர்ந்து மூடிக்கொள்ளும். அதுவரை பாண்டேஜ் லென்ஸ், எரிச்சல், கண்ணீர், வெளிச்சக் கூச்சம். பார்வை முழுசாகத் தெளியச் சில வாரம் ஆகும். விளம்பரத்தில் போட்டு விற்க முடியாத சரக்கு. கருவிழி சற்று மெலிந்தவர்களுக்கு ஏற்றதும் அதுதான்.

மைனஸ் 5-க்கு, கருவிழி ஒழுங்காக இருந்தால், மூன்றுமே நன்றாக வரும். கருவிழியின் மிக மெல்லிய இடத்தின் தடிமன், கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு விட்டுப் பார்த்த பவர், மூடியின் தடிமன், கடைசியில் மிஞ்சும் தடிமன் ஆகிய நாலையும் இரண்டு இடத்திலும் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கும் இடம் எது என்று பார்த்தாலே பாதி முடிவு வந்துவிடும்.

தங்கைக்கு இன்னும் ஐந்து வாரத்தில் கல்யாணம். காண்டாக்ட் லென்ஸ் போடுகிறாள். மேடையில் கண்ணாடி வேண்டாம் என்பதற்காக லேசர் செய்ய நினைக்கிறோம். நேரம் போதுமா?
– வாசகி, கும்பகோணம்

போதாது. சாதா சாஃப்ட் லென்ஸ் என்றால் பரிசோதனைக்கு முன் ஒன்று முதல் இரண்டு வாரம் அதைக் கழற்றி வைத்திருக்க வேண்டும். கடினமான லென்ஸ் என்றால் குறைந்தது மூன்று, நான்கு வாரம். லென்ஸ் அழுத்திய கருவிழி பழைய வடிவத்துக்குத் திரும்பாமல் அளந்தால் அளவு தப்பு, தப்பான அளவுக்குச் செதுக்கினால் பவரும் தப்பு. சிகிச்சை முடிந்தபின் இரண்டு வாரத்துக்கு மை, ஐலைனர், ஒட்டு இமை எதுவும் கூடாது. எல்லாவற்றையும் கூட்டினால், புது மணப்பெண் மணவறையில் ஓமப் புகைக்கு எதிரே உலர்ந்த கண்ணோடு உட்கார்ந்திருப்பாள்.

லென்ஸோடு கல்யாணம் நடக்கட்டும். இன்னொன்றையும் தங்கையிடம் சொல்லுங்கள்: கர்ப்ப காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் பவர் ஏறி இறங்கும், அப்போது லேசர் செய்வதில்லை. பால் நிறுத்தி மூன்று மாதம் கழித்துத்தான் அளந்து பார்ப்பார்கள். குழந்தையைத் தள்ளிப்போடும் எண்ணம் இருந்தால் கல்யாணத்துக்குப் பின் இரண்டொரு மாதத்தில் செய்துகொள்ளலாம். இல்லையென்றால் அவசரமே இல்லை.

லேசர் அடிக்கும்போது கண்ணைச் சிமிட்டிவிட்டால்? தும்மல் வந்தால்?
– வாசகர், நாகர்கோவில்

சிமிட்ட முடியாது. மரத்துப்போகும் சொட்டு விட்டபின் இமைகளை ஒரு கம்பி கிளிப் பிடித்துக்கொள்ளும். ஊசியும் இல்லை, மயக்க மருந்தும் இல்லை.

லாசிக்கில் முதல் கட்டம், கண்மேல் ஒரு வளையத்தை வைத்து உறிஞ்சிப் பிடிப்பது. நன்றாக அழுத்தும், பார்வை சில விநாடி இருண்டுபோகும். பயப்படுகிறவர்கள் பயப்படுவது இங்கேதான்; முன்கூட்டியே தெரிந்திருந்தால் பாதி பயம் போய்விடும். இந்த இருபது விநாடி சொச்சத்தில்தான் ஃபெம்டோசெகண்ட் லேசர் மூடியை வெட்டுகிறது. தலையைத் திடீரென அசைத்தால் பிடி விட்டுப்போகும். லேசர் உடனே நின்றுவிடும். லாசிக்கில் பெரும்பாலும் மறுபடி பிடித்துத் தொடரலாம். ஸ்மைலில், வில்லையின் அடிப்பக்கம் வெட்டும் நடுவில் பிடி விட்டால் அன்றைக்கு ஸ்மைல் நடக்காமலே போகலாம். வேறு முறைக்கு மாறுவார்கள், அல்லது தள்ளி வைப்பார்கள்.

அடுத்தது, செதுக்கும் வேலையைச் செய்யும் எக்ஸைமர் லேசர். மூடியைத் திறந்து ஒருபக்கம் சாய்த்துவிட்டு, மினுக்கும் விளக்கு ஒன்றைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்வார்கள். டிக் டிக் என்று சத்தம், முடி கருகினாற்போல ஒரு வாடை. எதுவும் கருகவில்லை, திசு ஆவியாகும் வாடை அது. கண் கொஞ்சம் நகர்ந்தால் மெஷினில் உள்ள டிராக்கர் கூடவே நகரும், ரொம்ப நகர்ந்தால் லேசரை நிறுத்திவிடும். தும்மல் வருவதுபோல் இருந்தால் வாய்விட்டுச் சொல்லலாம், டாக்டர் கால் பெடலிலிருந்து காலை எடுத்துவிடுவார். பிறகு மூடியை நீரால் கழுவித் திரும்ப வைத்து, சுருக்கமில்லாமல் நீவிவிட்டு, ஓரிரு நிமிடம் உலர விடுவார்கள். தையல் கிடையாது. இரு கண்ணும் சேர்த்து உள்ளே போய் வெளியே வர அரை மணி நேரம் போதும்.

அன்றைக்கு சென்ட், பாடி ஸ்ப்ரே, ஆஃப்டர் ஷேவ் எதுவும் வேண்டாம். காற்றில் கலக்கும் ஆவி லேசரின் பலத்தைக் குறைக்கும்.

மகனுக்கு 17 வயது. வருஷா வருஷம் பவர் ஏறுகிறது, இப்போது மைனஸ் 4.25. எப்போதும் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பான். இப்போதே லேசர் செய்தால் ஏறுவது நின்றுவிடுமா?
– வாசகி, ஓசூர்

நிற்காது. பவர் ஏறுவது கண் பின்னோக்கி நீள்வதால். லேசர் தொடுவதோ முன்னாலிருக்கும் கருவிழியை. இன்று செய்தால் நாளை மறுபடி ஏறும். 18 வயது முடிந்து, ஒரு வருடத்தில் அரை டையாப்டருக்கு மேல் மாறாமல் நின்றபின்தான் பேச்சு. பலருக்கு அது 21, 22-இல்தான் வரும்.

பவரைவிடக் கவலைப்பட வைப்பது உங்கள் மகன் கண்ணைக் கசக்குவது. அலர்ஜியால் வருடக்கணக்கில் கசக்கும் பிள்ளைகளுக்குக் கருவிழி மெலிந்து கூம்பு போலத் துருத்தும் கெரட்டோகோனஸ் வர வாய்ப்பு அதிகம். சிலிண்டர் பவர் ஏறிக்கொண்டே போவது, கண்ணாடி போட்டும் எழுத்து இரட்டையாகத் தெரிவது இதன் அறிகுறிகள். இந்த மாதமே, கருவிழியின் வளைவை வரைபடமாகக் காட்டும் கார்னியல் டாப்போகிராஃபி ஒன்று எடுங்கள்; பென்டகாம் என்றும் சொல்வார்கள். வண்ண வரைபடத்தில் கீழ்ப்பக்கம் செங்குத்தாகக் காட்டினால், ரிபோஃப்ளேவின் சொட்டு விட்டு புற ஊதாக் கதிர் பாய்ச்சி கருவிழியை இறுகவைக்கும் கிராஸ்லிங்கிங் என்ற சிகிச்சை இருக்கிறது. நோய் முற்றாமல் நிறுத்தத்தான் அது. இப்படிப்பட்ட கண்ணில் லாசிக் செய்தால் மிச்சமிருக்கும் பலமும் போய்விடும். அலர்ஜிக்குச் சொட்டு வாங்கிக் கொடுங்கள், கடையில் தானாக வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு மட்டும் வேண்டாம்.

கருவிழி மெல்லிசு, உங்களுக்கு லேசர் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மைனஸ் 10. வேறு வழியே இல்லையா?
– வாசகர், தூத்துக்குடி

‘கூடாது’ என்று சொன்னவருக்கு நன்றி சொல்லுங்கள். ஐசிஎல் என்ற லென்ஸை, உங்கள் சொந்த லென்ஸை எடுக்காமலே, பாப்பாவைச் சுற்றியுள்ள நிற வளையமான ஐரிஸுக்குப் பின்னால் வைக்கலாம். கருவிழியில் எதையும் செதுக்குவதில்லை, தேவைப்பட்டால் வெளியே எடுத்துவிடவும் முடியும். அதற்கும் அளவுகள் உண்டு: கண்ணின் முன்னறை ஆழம் 2.8 மி.மீ.க்குக் குறையக் கூடாது, கருவிழியின் உட்பக்க செல் எண்ணிக்கை வயதுக்கேற்ப இருக்க வேண்டும். லென்ஸின் நீளம் தப்பினால் சிக்கல்: பெரிதானால் கண் அழுத்தம் ஏறும், சிறிதானால் உங்கள் லென்ஸை உரசிப் புரை வரும். கண்ணுக்குள் போகும் அறுவை என்பதால் செலவும் லேசரைவிடக் கூடுதல்.

லாசிக் செய்து மூன்று மாதம். பகலில் 6/6. ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் மாலைக்குள் கண் மண் விழுந்தாற்போல இருக்கிறது. இரவில் எதிரே வரும் லாரி விளக்கைச் சுற்றி வளையம். சிகிச்சை தப்பாகிவிட்டதா?
– வாசகர், சென்னை

தப்பு என்று சொல்ல முடியாது. மூடி வெட்டும்போது கருவிழி நரம்புகள் அறுபடுகின்றன. கண் உலர்ந்திருக்கிறது, கண்ணீர் வேண்டும் என்ற செய்தி சரியாகப் போகாது. நரம்பு வளர ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம். திரையைப் பார்க்கும்போது நாம் சிமிட்டுவதும் குறைகிறது, ஏசி காற்று நேராக முகத்தில் அடித்தால் கேட்கவே வேண்டாம். பதப்படுத்தும் ரசாயனம் கலக்காத, சின்னச் சின்னக் குப்பியில் வரும் கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் 0.5 சதவீதச் சொட்டை, எரிச்சல் வரும்வரை காத்திராமல், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை விடுங்கள். மானிட்டரைக் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். இமை பாதி இறங்கியிருந்தால் கண் மெதுவாக உலரும். இமை ஓரத்தில் எண்ணெய்ச் சுரப்பி அடைத்திருக்கிறதா என்று டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். அடைத்திருந்தால் சொட்டு மட்டும் பலன் தராது. வெதுவெதுப்பான ஒத்தடம் தினம் பத்து நிமிடம் கொடுக்க வேண்டும்.

வளையம் தெரிவது பெரும்பாலும் உலர்ச்சியோடு சேர்ந்தே குறையும். குறையாவிட்டால் மீந்த பவர் இருக்கிறதா பாருங்கள். அரை டையாப்டர்கூட இரவில் காட்டிக்கொடுத்துவிடும். இருட்டில் பாப்பா நன்றாக விரியும் கண்களிலும் இது நீடிப்பதுண்டு. மறு லேசர் என்று யாராவது அவசரப்படுத்தினால், ஆறு மாதம் ஆகட்டும் என்று சொல்லுங்கள்.

செய்துவிட்டு வந்தபின் வீட்டில் என்னென்ன கூடாது? தலைக்குக் குளிக்கலாமா, சமைக்கலாமா?
– வாசகி, மதுரை

முதல் வாரம் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். கழுத்துக்குக் கீழே குளித்து, முகத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளுங்கள். சீயக்காய், ஷாம்பு நுரை, எண்ணெய்க் குளியல் இரண்டு வாரம் கழித்து. நீச்சல் ஒரு மாதம் கழித்து. தாளிப்புப் புகையும் மிளகாய் நெடியும் இரண்டு, மூன்று நாளைக்கு வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். டூவீலரில் போனால் ஒரு மாதத்துக்குப் பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி. கோவிலில் திருநீற்றை நெற்றிமேல் ஊதும் இடத்தில் கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

இரவில் ஒரு வாரம் பிளாஸ்டிக் கவசம் ஒட்டிக்கொண்டுதான் தூங்க வேண்டும், தூக்கத்தில் கை தானாகக் கண்ணுக்குப் போகும். ஆன்டிபயாடிக் சொட்டு ஒரு வாரம். ஸ்டீராய்டு சொட்டை எழுதிக் கொடுத்தபடி படிப்படியாகக் குறையுங்கள். கண் நன்றாக இருக்கிறதே என்று நீங்களே நிறுத்தவும் வேண்டாம், மிச்சமிருக்கிறதே என்று நீட்டவும் வேண்டாம். நீட்டினால் கண் அழுத்தம் ஏறும். மறுநாள் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். மூடிக்கு அடியில் மணல் தூவினாற்போல ஓர் அழற்சி முதல் சில நாட்களில் வரும். தொடக்கத்திலேயே பிடித்தால் சொட்டிலேயே அடங்கிவிடும். அதற்கு ‘சஹாரா மணல்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

லாசிக்கைக் கண்டுபிடித்தது ஒரு தமிழர் என்கிறார்களே?
– வாசகர், சிங்கப்பூர்

லாசிக்கை அல்ல, அதற்கு அடிப்படையான ஒன்றை. சென்னையில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன், அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ஆகியோருடன் வேலை பார்த்தவர். 1981 நவம்பரில் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டில் 193 நானோமீட்டர் எக்ஸைமர் லேசரைப் பாய்ச்சியபோது, சுற்றியுள்ள திசு கருகாமல் சுத்தமாக வெட்டுப்பட்டது. 1983-இல் கண் மருத்துவர் ஸ்டீபன் டிரோக்கலோடு சேர்ந்து இதைக் கருவிழியில் காட்டினார். மூடி திறக்கும் யோசனை அதற்கும் முந்தியது, கொலம்பியாவில் பணியாற்றிய கண் மருத்துவர் ஹோசே பராக்கேருடையது.

லோகோ பைலட் வேலைக்குத் தயாராகிறேன். லேசர் செய்துகொண்டால் பார்வைச் சோதனையில் தேறிவிடலாமா? இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?
– வாசகர், ஈரோடு

ரயில்வேயில் உதவி லோகோ பைலட் பணிக்கு லாசிக் செய்தவர்களை எடுப்பதில்லை. செய்துவிட்டு மறைக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம், டாப்போகிராஃபியில் தெரிந்துவிடும். ராணுவம், போலீஸ் போன்றவற்றில் பணிக்குப் பணி விதி வேறு. சிகிச்சையின்போது வயது, அதற்குப்பின் ஆன மாதங்கள், கண்ணின் நீளம் எல்லாம் பார்ப்பார்கள். அறிவிப்பில் உள்ள மருத்துவத் தகுதிப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் மருத்துவமனைப் படி ஏற வேண்டும். இன்ஷூரன்ஸைப் பொறுத்தவரை, 7.5 டையாப்டருக்குக் குறைவான பவரைத் திருத்துவதற்கான செலவு பொதுவான விலக்குப் பட்டியலில் இருக்கிறது.

வயது 43, மைனஸ் 3. படிக்கக் கண்ணாடியைக் கழற்றிவிடுவேன். லேசர் செய்தால் கண்ணாடியே வேண்டாமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

தூரத்துக்கு வேண்டாம், படிக்க வேண்டும். இன்று கண்ணாடியைக் கழற்றிப் பேப்பர் படிக்க உதவுவது அந்த மைனஸ்தான். அதை அழித்துவிட்டால் வெள்ளெழுத்து வெளியே வந்துவிடும். ஒரு கண்ணைத் தூரத்துக்கும், மற்றதை மைனஸ் 1.25 அளவில் கிட்டத்துக்கும் வைக்கும் மோனோவிஷன் உண்டு. காண்டாக்ட் லென்ஸால் ஒரு வாரம் ஒத்திகை பார்க்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம். சிலருக்குத் தலை சுற்றும்.

அப்பாவுக்கு 2006-இல் லாசிக் ஆனது. அதற்கு முன் மைனஸ் 9. இப்போது புரை ஆரம்பம் என்கிறார்கள். ஏதாவது தனியாகச் சொல்ல வேண்டுமா?
– வாசகி, கோவை

முதல் வாக்கியமே ‘லாசிக் ஆன கண்’ என்று இருக்கட்டும். புரை அறுவையில் வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிடும் வழக்கமான சூத்திரம் தட்டையான கருவிழியைத் தப்பாக எடைபோடும். அதை நம்பி லென்ஸ் வைத்தால் பிளஸ் பவரில் போய் நிற்கும். 2006-க்கு முந்தைய கெரட்டோமெட்ரி (கருவிழி வளைவு) அளவும் பழைய பவரும் உள்ள ஃபைலைத் தேடிப் பாருங்கள். இல்லாவிட்டாலும் பாரெட் ட்ரூ-கே போன்ற சூத்திரங்கள் இருக்கின்றன. மெலிந்த கருவிழியில் கண் அழுத்தமும் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். ‘நார்மல்’ என்று மெஷின் சொன்னாலும் பார்வை நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பவர் பூஜ்யமானாலும் அப்பாவின் கண் நீளம் அப்படியேதான் இருக்கிறது. சாதாரணக் கண் 24 மி.மீ. என்றால் மைனஸ் 9 கண் 27-ஐ ஒட்டியிருக்கும். இழுபட்டு மெலிந்த விழித்திரை எந்த வயதிலும் கிழியலாம். வருடம் ஒருமுறை பாப்பாவை விரித்துப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் மின்னல் அடிப்பது, திடீரெனக் கொசுக்கூட்டம் போலப் புள்ளிகள், ஓரத்திலிருந்து திரை இறங்குவது ஆகியவற்றில் எது வந்தாலும், ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும், அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.